'நானே' வீட்டுப் புகைபோக்கி

புகைபோக்கிக்காரருக்குத் தன் மச்சான் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அதைப் பல வருஷம் வைத்திருந்தார். கரி தள்ளிச் சுத்தம் செய்ய ஊரில் பாதி வீட்டுக் கூரையில் அவர் கால் பட்டிருக்கிறது. எந்த வீட்டுப் புகைபோக்கியில் காக்கை கூடு கட்டும், எந்த வீட்டில் ஈர விறகை எரித்துவிட்டு அடுப்பைத் திட்டுவார்கள் என்றெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனைவியின் அண்ணன் வீட்டுக் கூரை மட்டும் எட்டாத கூரை.

கூப்பிடாததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பார். ஒரு குளிர்காலத்தில் அந்த வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டுக் குளிர்காய்கிற கணப்படுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மச்சானின் மனைவி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "இந்த ரூம்ல உக்காந்தாலே எனக்குத் தலை பாரமா இருக்குங்க. தம்பிதான் இங்கயே இருக்காரே, புகைபோக்கியை ஒரு பார்வை பாக்கச் சொல்லுங்களேன்" என்றார். மச்சான் பல்லைக் குத்திக்கொண்டே பதில் சொன்னார்.

"ஊரான் வீட்டுக் கரியே மாப்ளைக்கு வேண்டிய மட்டும் இருக்கு. என் வீட்டுக் கரியை நானே பாத்துக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். புகைபோக்கிக்காரரும் சிரித்து வைத்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னார்: "உங்க அண்ணனா வாயைத் திறந்து கூப்பிடாம அந்த வீட்ல நான் பிரஷ்ஷைத் தொட மாட்டேன்."

மச்சானுக்குத் தெருவில் 'நானே' என்று பெயர். பேருந்துப் பணிமனையில் உதிரி பாகம் எடுத்துக் கொடுக்கிற வேலை. அங்கே நாள் முழுக்க மெக்கானிக்குகளின் கையைப் பார்த்துப் பார்த்து, தனக்கும் எல்லாம் வரும் என்று முடிவு கட்டிவிட்டார். குழாய் ஒழுகினால் நானே, செருப்பு அறுந்தால் நானே. ஆடின கடைவாய்ப் பல்லைக் குறடு வைத்துத் தானே பிடுங்கிவிட்டு, பூசணிக்காய் மாதிரி வீங்கின கன்னத்தோடு வேலைக்குப் போனவர். ஒரு தடவை மனைவிக்கு முடியும் வெட்டிவிட்டார். அந்தம்மா அந்தக் கோலத்தை மறைக்க வெகுநாள் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் கடைக்குப் போனார். யார் கேட்டாலும், "சளி பிடிச்சிருக்கு" என்பாரே ஒழிய, புருஷனைக் காட்டிக்கொடுத்ததில்லை.

புகைபோக்கிக்கும் 'நானே' ஒரு வழி வைத்திருந்தார். செங்கல்லைச் சாக்கில் கட்டிக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கி, மேலும் கீழும் இழுப்பார். கரி பொலபொலவென்று கொட்டும். கரி கொட்டினால் வேலை முடிந்தது என்பது அவர் கணக்கு.

பிறகு ஒரு குளிர்காலத்தில், கணப்படுப்பு பக்கத்து நாற்காலியிலேயே அந்தம்மா தூங்கினவர் தூங்கினபடி போய்விட்டார். டாக்டர் இதயம் என்றார். வயசும் இருந்தது. யாரும் மேலே கேட்கவில்லை.

அதற்கப்புறம் மூன்றாவது குளிர்காலம். 'நானே' தங்கைக்குப் போன் செய்தார். குரல் ரகசியம் பேசுகிற மாதிரி இருந்தது.

"உன் அண்ணி வந்திருக்கா. மேல் ரூம்ல நடக்கறா. நேத்து இருமினா."

தங்கை போனை வைத்துவிட்டுப் புருஷனிடம் அழுதாள். "ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்க."

"கூப்பிடட்டும்."

"கோபதாபமெல்லாம் ஆள் இருக்கிற வரைக்கும்தான். கிளம்புங்க."

அவர் கிளம்பினார். பெட்டியை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் நினைத்தார். கை பழக்கத்தில் எடுத்துக்கொண்டது.

மழை தூறிக்கொண்டிருந்த சாயங்காலம். கதவைத் திறந்த 'நானே'யின் முகம் வெந்த மாதிரி சிவந்திருந்தது. பெட்டியைப் பார்த்தார்.

"அதை வாசல்லயே வைங்க மாப்ளே. இங்க ஒண்ணும் ரிப்பேர் இல்ல."

உள்ளே ஜன்னல் இடுக்கெல்லாம் பழந்துணி அடைத்திருந்தது. குளிர் வராமல் அவரே செய்த கைவேலை. கணப்படுப்பில் நிலக்கரி எரிந்தது. தீ நிமிர்ந்து நிற்காமல் மஞ்சளாக, சோம்பலாக அசைந்தது. எதிரே அந்தம்மாவின் நாற்காலி. முதுகில் அவருடைய சால்வை. பூனை மட்டும் கதவடியில், மூக்கை இடுக்கில் வைத்துச் சில்லென்ற தரையில் படுத்திருந்தது.

"பூனை ஏன் மச்சான் அங்க கிடக்கு? தீயைக் கண்டா விடாதே அது."

"அவளைக் கண்டா பயம் அதுக்கு." 'நானே' குரலைத் தாழ்த்தினார். "அடுப்பு நல்லாப் பிடிச்சதும் வருவா. அணைஞ்சா போயிடுவா. வெளிய கிளம்பினா எனக்குத் தலைவலிகூட விட்டுடுது. ஆனா அங்க அவ இல்லயே."

இருவரும் தீ முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நேரம் போகப் போகப் புகைபோக்கிக்காரரின் நெற்றிப்பொட்டில் யாரோ விரலால் தட்டுகிற மாதிரி இருந்தது. மேலே பலகை கிறீச்சிட்டது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. மெதுவாக, முழங்கால் வலிக்காரி ஒருத்தி நடக்கிற நடை. சால்வையின் ஓரம் அசைந்தது போலிருந்தது.

"கேட்டுதா?"

"கேட்டுது." எத்தனையோ இருட்டுக் குழிகளில் தலையை விட்டவர், அந்த நாற்காலியைத் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை.

தலைவலி. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் எழுந்தார். கால் தள்ளாடியது. வாசல் கதவை விரியத் திறந்தார், ஜன்னல் துணியைப் பிடுங்கி எறிந்தார், கனலை இரும்பு வாளியில் அள்ளினார். 'நானே' அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அணைக்காதே மாப்ளே. அணைச்சா போயிடுவா."

"போகட்டும். இல்லன்னா கூடவே நீங்களும் போயிடுவீங்க."

வாளியை மழையில் வைத்துவிட்டு, மச்சானையும் வாசற்படிக்கு இழுத்து வந்து உட்காரவைத்தார். தலை தெளிகிற வரைக்கும் நல்ல காற்றை இழுத்தார். அப்புறம் விளக்கை எடுத்துக்கொண்டு பரணுக்கு ஏறினார்.

தேட வேண்டியிருக்கவில்லை. புகைபோக்கி வளைகிற இடத்தில், செங்கல் மூட்டை ஆடி ஆடி இடித்த இடத்தில், உள்ளே இருந்த சுட்டமண் குழாய் நொறுங்கியிருந்தது. வெளிச்சுவரும் வெடித்திருந்தது. உடைந்த சில்லெல்லாம் வளைவில் குவிந்து பாதையைப் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. மேலே போக வேண்டிய அடுப்புக் காற்று அறைக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

வெடிப்பிலிருந்து கரி விசிறி மாதிரி சுவரில் பரவி உத்திரம் வரை போயிருந்தது. நகத்தால் சுரண்டினார். அடுக்கு அடுக்காக உரிந்தது. ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு அடுக்கு விட்டுப்போகும், அது அவர் தொழிலில் தெரிந்தது. அந்தம்மா போனதற்கு அப்புறமான மூன்று அடுக்கோடு நிற்கவில்லை. இன்னும் கீழே போனது. அந்தம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குளிர்காலத்தையும் தாண்டிப் போனது.

'அன்னிக்கே என்னைக் கூப்பிட்டிருந்தா' என்று மச்சான் முகத்துக்கு நேரே கேட்க வேண்டும் என்பது அவருடைய பல வருஷத்து ஆசை. இப்போது கேட்கச் சகல நியாயமும் நகக்கண்ணில் கறுப்பாக இருந்தது. இறங்கி வந்தவர் அதைக் கேட்காமல் படியில் உட்கார்ந்தார்.

'நானே' படியில் பூனையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"விஷக்காத்து மச்சான். வாடை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. தலையை வலிக்க வைக்கும், இல்லாததைக் காட்டும். கரி தள்றதை யார் வேணா செய்யலாம். உள்ள உடைஞ்சிருக்கான்னு பாக்கறது வேற வேலை. அதுக்கு ஆளைக் கூப்பிடணும்."

"அப்ப மேல நடந்தது அவ இல்லயா?"

புகைபோக்கிக்காரர் மேல் அறையை அண்ணாந்து பார்த்தார். அந்த நடைச் சத்தத்தை அவரும்தானே கேட்டார்.

'நானே' பூனையை மடியிலிருந்து இறக்கிவிட்டார். "சரி. நீயே பண்ணிடு" என்றார். அந்த வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

இரும்புக் குழாய் இறக்கியதும் எல்லாம் சரியானது. மேல் அறையில் நடமாட்டம் நின்றது. பூனை தீப்பக்கம் திரும்பியது. 'நானே' இன்னும் சில குளிர்காலம் இருந்தார், காலியான நாற்காலிக்கு எதிரே. போகும்வரை மாப்பிள்ளையிடம் வேறு எதையும் கேட்கவில்லை. அன்று படியில், அவருடைய கறுத்த நகங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டதுதான் கடைசி.

"மாப்ளே, அந்த வெடிப்பு எத்தனை வருஷத்துதுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும். அதை மட்டும் எங்கிட்ட சொல்லிடாதே."