கடலுக்கு எடுத்துப்போன கிணற்றுக் கயிறு

கல்லூரியில் படிக்கும் மகளுக்குக் கடலில் குளிக்க ஆசை. எனக்கோ அலை அவளை இழுத்துப் போய்விடுமோ என்று பயம். வைகையில் பாதி நாள் மணலையே பார்த்து வளர்ந்த மதுரைக்காரனுக்கு வேறென்ன தோன்றும்?

ராமேஸ்வரம் கிளம்பும்போது மனைவி தொப்பி, குடை, தண்ணீர்க் கேன், மாற்றுத்துணி, வெயிலுக்குப் பூசும் கிரீம் என்று நிதானமாக எடுத்து வைத்தாள். நான் பைக்குள் கிணற்றுக் கயிற்றைத் திணித்தேன். எங்கள் பக்கம் பிள்ளைகள் இடுப்பில் கயிறு கட்டித்தானே கிணற்றில் நீச்சல் பழகுகிறார்கள்!

“இம்புட்டுக் கயிறு எதுக்குங்க?”

“ஒரு முனை பிள்ளை இடுப்புல, இன்னொரு முனை என் இடுப்புல. அலை இழுத்தா நான் இழுத்துருவேன்ல?”

“உங்களுக்குத்தான் நீச்சலே தெரியாதே! அலை ஒண்ணுக்கு ரெண்டா அள்ளிட்டுப் போகும்.”

கேட்பேனா? கடற்கரையில் இறங்கியதுமே இருவர் இடுப்பிலும் முடிச்சுப் போட்டேன். முழங்கால் ஆழம்கூட இல்லை. முதல் அலைக்கே குப்புற விழுந்து, உப்புத்தண்ணீர் குடித்து, “ஐயோ போச்சே!” என்று அலறினேன். மகள்தான் வண்டிமாட்டை இழுப்பதுபோல் என்னைக் கரைக்கு இழுத்துவந்தாள். பிறகு தன் முடிச்சை அவிழ்த்து, அந்த முனையை மனைவி கையில் கொடுத்தாள்.

“அம்மா, அப்பாவை விட்டுறாத. நான் குளிச்சிட்டு வாரேன்.”