சுப்புராயன் வீட்டு மயில் கேட்

மதகடிப்பட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் வேணு செய்த கேட்டுகளிலேயே பெரியது, வில்லியனூர் அரிசி ஆலைக்காரர் சுப்புராயன் வீட்டு கேட்தான். மேல்பாதியில் இரண்டு மயில்கள், திராட்சைக் கொடி, ஈட்டி முனைகள். கீழ்ப்பாதி முழுத் தகடு. உள்ளே புல்தரை, உருண்டையாக வெட்டிய செடிகள், ஒரு நீரூற்று. பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று சுப்புராயன் சொல்லியிருந்தார். அதற்காக வேணு எதிர்ச்சாரியில் பலமுறை நின்று பார்த்து வரைந்தார். ஜனங்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆறு வருஷம் கழித்து சுப்புராயனுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்தது. பேச்சும் குழறியது. அவரைப் பார்த்துக்கொள்ள நான் நர்சாகப் போனேன். சாயங்காலமானால் "ரோடு, ரோடு" என்பார். சக்கர நாற்காலியில் கேட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போவேன். உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேரே வெறும் தகடு. கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அப்புறம் சோறும் இறங்காது. கேட்டைத் திறந்து வைத்தால் ஆடு புகுந்து செடியை மேய்ந்துவிடும் என்று மகன் கணேஷ்குமார் ஒப்பவில்லை.

வேணுவுக்கு போன் செய்து வரவழைத்தேன். தகட்டில் ஒரு ஜன்னல் வெட்ட வேண்டும் என்றேன்.

"இன்னா நர்சம்மா, என் தலமேலயே மிஷின வைக்கச் சொல்றியே! இந்த கேட்ட பாத்துட்டுதான் எனக்கு வேலையே வருது."

"ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும். அப்பாவே ஒத்துக்க மாட்டாரு," என்றார் கணேஷ்குமார்.

"இதோ குந்தினுகீறாரே, அவரையே கேளு தம்பி," என்றேன்.

வேணு நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, சுப்புராயன் கண் மட்டத்துக்குத் தலையைத் தாழ்த்தி நேரே பார்த்தார்.

"இங்கேர்ந்து என் மயிலு காலுகூட தெரில மொதலாளி."

"ரோடு," என்றார் சுப்புராயன்.

வேணு அங்கேயே சாக்பீஸால் தகட்டில் கோடு போட்டார். மறுநாள் சாயங்காலத்துக்குள் ஜன்னல் வந்துவிட்டது. குறுக்கே மூன்று நேர்க்கம்பிகள், அவ்வளவுதான்.

"ஒரு பூவாவது வைப்பா," என்றார் கணேஷ்குமார்.

"பூ வச்சா மறைக்கும் சார்."

மரத்த கை அறுபட்டாலும் சுப்புராயனுக்குத் தெரியாது என்று நான் சொன்னதும், வேணு ஜன்னல் விளிம்பை மூன்று தடவை அரத்தால் தேய்த்து, தன் உள்ளங்கையை அழுத்தி இழுத்துப் பார்த்தார்.

சுப்புராயனை நாற்காலியோடு கொண்டுவந்து ஜன்னலுக்கு நேரே நிறுத்தினேன். ஆலையில் மூட்டை தூக்கிய பக்கிரி, அந்த வழியே போனவர், சைக்கிளை நிறுத்திக் குனிந்தார்.

"மொதலாளி! இன்னா, ஜெயில்ல போட்டுட்டாங்களா உங்கள?"

சுப்புராயன் சிரித்தார். வழிந்த எச்சிலைத் துடைத்துவிட்டேன். இடது கையைப் பக்கிரியிடம் நீட்டினார். கை கம்பிக்கு இடையில் நுழையவில்லை.

வண்டியில் மிஷினைக் கட்டிக்கொண்டிருந்த வேணு கயிற்றை அவிழ்த்தார். நடுக்கம்பியை அறுத்தெடுத்து, அந்த இடத்தையும் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டுத்தான் கிளம்பினார்.