திரையில் ஊர்ந்த எடை

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஒற்றெழுத்து எங்கே வரும் என்பதும் சரியாகத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் அரிசி ஆலையில் எடைமேடையில் உட்காருகிறேன். நாலு பேர் முன்னால் பேச எனக்குக் கூச்சம். ஆனால் எடையை மைக்கில் கூவியாக வேண்டும். நெல் கொண்டு வந்தவர்கள் அதைக் கேட்டு, பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார்கள். பிறகு சீட்டு வரும். கையும் சீட்டும் ஒத்துப்போனால்தான் இறங்கிப் போவார்கள்.

முன்பு ஒரு பெட்டியில் சிவப்பு எண் எரியும். வண்டி ஏறியதும் சட்டென்று நிற்கும். இந்த அறுவடைக்கு முதலாளி கம்ப்யூட்டர் வைத்தார். தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வந்து மென்பொருள் போட்டுக் கொடுத்தார். திரையில் ஒரு டிராக்டர் படம் நகர்ந்து வந்து மேடையில் ஏறும். எண் சுழியத்திலிருந்து கடகடவென்று ஓடி, மெல்ல மெல்ல அடங்கி நிற்கும். எனக்கும் பிடித்திருந்தது.

அன்று வெளியே வண்டிகள் வரிசை கட்டி நின்றன. வானமும் மூடியிருந்தது. குத்தகைக்குப் பயிர் வைக்கும் ஓர் அம்மாவின் டிராக்டர், நெல்லைக் கொட்டிவிட்டுக் காலியாக ஏறியது. பின்னால் ஹாரன் அடித்தபடி இருந்தார்கள். எண் ஓடி நின்றது. "காலி வண்டி ரெண்டாயிரத்து எழுநூத்தி அறுவது" என்று கூவிவிட்டுச் சீட்டை அடித்தேன். சீட்டில் இரண்டாயிரத்து எண்ணூறு என்றிருந்தது.

காலி வண்டியின் எடை கூடினால் நெல்லின் எடை குறையும். நாற்பது கிலோ என்றால் ஒரு சிப்பம், அதாவது ஒரு மூட்டை நெல்.

அந்த அம்மா உள்ளங்கையை ஜன்னல் கம்பிக்குள் நீட்டினார். "ஏன் தம்பி, வாய்க்கு ஒரு எடை, சீட்டுக்கு ஒரு எடையா?"

பின்னாலிருந்த டிரைவர்கள் இறங்கி வந்துவிட்டார்கள். "அப்ப காலையில எங்களுக்குப் போட்டது?" என்றார் ஒருவர். "மூஞ்சியப் பாரு, பூனை மாதிரி!" என்றார் இன்னொருவர்.

முதலாளி வந்து சீட்டைப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை. "நீ கணக்குல கை வச்சேன்னு தெரிஞ்சுதுன்னா, நாளைக்கு வர வேணாம்."

எங்கே தப்பு என்று எனக்கே தெரியவில்லை. நான் பார்த்ததைத்தான் கூவினேன். மைக் அணையாமல் கையிலேயே இருந்தது. அதிலேயே சொன்னேன்: "அம்மா, வண்டிய இறக்கி மறுபடி ஏத்தச் சொல்லுங்க. நீங்க உள்ள வாங்க. எண்ணு நின்னதும் நீங்களே கூவுங்க." என் குரல் நடுங்குவது வெளியே ஒலிபெருக்கியில் எனக்கே கேட்டது.

அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சேற்றுக் கால். மைக்கைக் கொடுத்துவிட்டுச் சுவரோடு ஒதுங்கி நின்றேன். முதலாளி கதவை மறித்தபடி நின்றார். வண்டி ஏறியது. எண் ஓடியது, தளர்ந்தது, நின்றது.

"ரெண்டாயிரத்து எழுநூத்தி எழுவது!" என்று கத்தினார்.

எண் எண்பதாயிற்று. கொஞ்சம் பொறுத்துத் தொண்ணூறு. பிறகு, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்து, எண்ணூறுக்குப் போய் உட்கார்ந்தது. அப்புறம் அசையவில்லை.

அந்த அம்மா மைக்கிலேயே, "அட, என் வாயும் திருட்டு வாயாப் போச்சே!" என்றார். வெளியே சிரித்தார்கள். உள்ளங்கையில் எச்சில் தொட்டுப் பழைய எண்ணை அழித்துவிட்டு, என் பேனாவை வாங்கிப் புதியதை எழுதிக்கொண்டார்.

முதலாளி தஞ்சாவூர்க்காரருக்குப் போன் போட்டார். "சீட்டுல வர்றது நிஜ எடைதாங்க. பார்க்க நைசா இருக்கட்டும்னு திரையில மட்டும் எண்ண ஓட விட்டேங்க. கடைசியில வேகத்தக் குறைச்சாத்தான் அழகு" என்றாராம். மறுநாளே வந்து ஓட்டத்தை எடுத்துவிட்டார். இப்போது எண் நேராக வந்து நிற்கிறது. டிராக்டர் படம் மட்டும் இன்னும் நகர்ந்து வந்து ஏறுகிறது.

ஆனாலும் எண் நின்ற பிறகு என் வாய் உடனே திறப்பதில்லை. "தூங்கிட்டீங்களாண்ணே?" என்று கீழேயிருந்து கத்துகிறார்கள். கத்தட்டும்.

எழுதியது: மாசி முதல் தேதி, வெள்ளிக்கிழமை.