ரஞ்சனா திருப்பிச் சொல்லாத அளவு

வங்காளத்தில் குடியேறிய அந்தத் தமிழ்க் குடும்பத்தின் டாலிகஞ்ச் வீட்டில் ரஞ்சனாவின் கையெழுத்துக்குத் தனி மரியாதை உண்டு. அண்ணன் கிரிதர் பத்தாவதோடு நிறுத்திவிட்டுத் துறைமுக ஸ்டோரில் சரக்குப் பட்டியல் எழுதும் வேலைக்குச் சேர்ந்தவன். பட்டியலில் ஒரு புள்ளி விலகினாலும் அவனுக்குப் பொறுக்காது. 1999-இல் ஜாதவ்பூரில் சிவில் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த தங்கை நில அளவுகளைக் குறிக்கும் ஃபீல்டு புக்கைப் பக்கம் விடாமல் புரட்டுவான்.

"மூணு பேர் குழுன்னு சொன்னே. புக் முழுக்க உன் எழுத்துதானா?"

"ஆமாண்ணா."

"பேஷ்!"

அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். நில அளவைப் பயிற்சியில் ஒருவர் கருவி வழியே பார்த்து அளவைச் சொல்வார். எழுதுகிறவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுதவேண்டும். முதல் நாளே குழுவில் இருந்த சுபங்கர், "உன் எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்று புக்கை நீட்டினான், அவளும் வாங்கிக்கொண்டாள். ஏழு வாரமாக அவன் பார்த்தான், மௌசுமி தூரத்தில் அளவுகோலைப் பிடித்தாள், ரஞ்சனா எழுதினாள். கருவியின் திருகைக்கூட அவள் தொட்டதில்லை. "நானும் பார்க்கட்டுமா?" என்று இரண்டு முறை கேட்டாள். "இது முடியட்டும்" என்றான். முடியவேயில்லை.

பத்து நாளில் செய்முறைத் தேர்வு. ஒவ்வொருவரும் தனியாகக் கருவியை முக்காலியில் நிறுத்தி, அது மட்டமாக இருப்பதைக் காட்டும் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, பத்து நிமிஷத்துக்குள் அளவெடுக்க வேண்டும். இல்லையென்றால் ஃபெயில்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குளக்கரையில் சுபங்கர் கண்ணைக் கருவியிலிருந்து எடுக்காமல் கத்தினான்: "ஒன் பாயிண்ட் த்ரீ ஃபோர்!"

பதில் இல்லை. மறுபடி கத்தினான். அப்போதும் இல்லை. நிமிர்ந்து பார்த்தான். ரஞ்சனா புக்கை மூடி அவன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"இனிமே நான் பார்க்கறேன். நீ எழுது" என்றாள் வங்காள மொழியில்.

"ஆரே, என் எழுத்து எனக்கே புரியாது! மார்க் போயிடும்."

"தேர்வுல குமிழி என் கையெழுத்தைப் பார்த்து நடுவுக்கு வராது, சுபங்கர்."

"இன்னிக்கு வேலை முடியாதே?"

"முடியாட்டா சனிக்கிழமை வருவோம். நான் வரேன்."

தூரத்திலிருந்து மௌசுமி குரல் கொடுத்தாள்: "அடுத்தது நான்! எனக்குக் கை கடுக்குது!"

சுபங்கர் முணுமுணுத்துக்கொண்டே புக்கை வாங்கினான். குமிழி ரஞ்சனாவை இருபத்திரண்டு நிமிஷம் அலைக்கழித்தது. அன்று எடுத்த அளவுகள் கணக்கில் ஒத்துவரவில்லை. சனிக்கிழமை மூவரும் வந்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்தார்கள்.

ஞாயிறன்று கிரிதர் கடைசிப் பக்கங்களில் நின்றுவிட்டான். "யாருடி இது? கோழி கிளறின மாதிரி!"

"சுபங்கர்."

"அவன்கிட்ட ஏன் குடுத்தே?"

அவள் பக்கத்தின் தலைப்பைச் சுட்டிக் காட்டினாள். எல்லாப் பக்கத்திலும் அங்கே இரண்டு கட்டங்கள் உண்டு: பார்த்தவர், எழுதியவர். எதையும் விடாமல் பார்க்கிறவன் முதல் கட்டத்தை இத்தனை நாள் படித்ததே இல்லை. முதல் பக்கத்துக்குப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான். சுபங்கர், சுபங்கர், சுபங்கர். கடைசி நான்கு பக்கங்களில் ரஞ்சனா, மௌசுமி, ரஞ்சனா, மௌசுமி.

"எழுத்து மோசம்தான்" என்று புக்கைத் திருப்பிக் கொடுத்தான். "இருந்துட்டுப் போகட்டும்."

தேர்வன்று அவள் அளவைச் சொன்னபோது எட்டு நிமிஷம் ஆகியிருந்தது. பேராசிரியர் அதை உரக்கத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டார்.