பைபாஸ் மிச்சம் வைத்த நிலம்

எங்கள் வீட்டுக்கு முகவரி உண்டு, தெரு கிடையாது. வீட்டுப் பெயர், வார்டு, காரோடு பஞ்சாயத்து, தபால் நிலையம் என்று எழுதினால் போதும், கடிதம் வந்து சேர்ந்துவிடும். கல்யாணமான புதிதில் கோவில்பட்டியிலிருந்து அம்மா பார்சல் அனுப்பப் போனபோது, "தெருப்பேரு என்னடி?" என்று போனில் கேட்டாள். அப்படி ஒன்று இல்லை என்றேன். "தெருவே இல்லாத ஊருக்கா உன்னையக் கட்டிக் குடுத்திருக்கோம்?" என்று சிரித்தாள். அவள் சிரித்து மறந்துவிட்டாள். எனக்கு இத்தனை வருடம் கழித்தும் காலையில் கதவைத் திறக்கும்போது அதுதான் ஞாபகம் வருகிறது. கதவுக்கு எதிரே இன்னொரு கதவு இல்லை. மதில், அதற்குப் பின்னால் வாழை, மரச்சீனி, நாலு ரப்பர் மரம், அதற்கும் பின்னால் யாரோ ஒருவர் வீட்டின் பின்சுவர். யாரிடம் போய் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது?

கனடாவில் இருக்கும் என் சித்தி மகள், நான் என்னைப் புலம்பெயர்ந்தவள் என்று சொன்னால் கேலி செய்வாள். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை, எல்லை தாண்டி, களியக்காவிளையில் பஸ் மாறினால் தமிழ்நாடு. ஆனால் அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அங்கே தமிழ் பேசினால் தமிழச்சி என்று தழுவிக்கொள்வார்கள். இங்கே வீட்டில் தமிழ், கடையில் மலையாளம், சண்டையில் இரண்டும் பேசுகிறவர்களுக்கு நடுவில் முழுத் தமிழ் பேசுகிற நான் மட்டும் 'பாண்டிக்காரி'. திட்டுவதற்காகச் சொல்வதில்லை. அடையாளத்துக்குத்தான் சொல்கிறார்கள். அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது. பாறசாலையில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை. சுற்றுவட்டாரத்தில் பாதிப்பேரின் சர்க்கரை அளவு எனக்குத் தெரியும். ஒருவர் வீட்டு நடையிலும் நான் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்ததில்லை.

கோவில்பட்டியில் எங்கள் தெரு ஒரு ஆட்டோ நுழைகிற அகலம்தான். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பெண்கள் சாக்கை விரித்து ரோட்டிலேயே உட்கார்ந்து தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குவார்கள். சைக்கிள்காரன் திட்டிக்கொண்டே வளைந்து போவான். யார் வீட்டுக் குழந்தை யார் மடியில் தூங்குகிறது என்று கணக்கில்லை. அந்த இடத்தை யாரும் கட்டவில்லை, திறந்துவைக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்கடை தாண்டிப் போன நான், அதை விட்டுவிட்டு வருகிறேன் என்றுகூட அறியாமல் பஸ் ஏறினேன். இங்கே வந்தபிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு வீடும் தனித்தனி விளைக்குள், தன் தோப்புக்குள், இருக்கிறது. அவரவர் தோட்டம், அவரவர் கிணறு, அவரவர் கேட். அழகாகத்தான் இருக்கிறது. அழகைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் இருப்பது?

அப்புறம் பைபாஸ் வந்தது. நான்கு வழிச் சாலை ஊரை நடுவில் கிழித்துக்கொண்டு போனது. கிழித்ததில் சர்வீஸ் ரோட்டோரம் ஒரு முக்கோணத் துண்டு நிலம் மிச்சம் விழுந்தது. ரோட்டுக்கும் உதவாது, வீட்டுக்கும் உதவாது. நட்டநடுவில் ஒற்றைத் தென்னை. சுற்றிலும் உடைந்த கான்கிரீட், காட்டுச்செடி, அப்புறம் குப்பை. குப்பைக்கு ஒரு காரணம் உண்டு, அது நம்மூரில் இருக்கும் உங்களுக்குப் புரியாது. நம் பக்கம் காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வண்டி வரும், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். இங்கே பிளாஸ்டிக்கை மட்டும் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால் பஞ்சாயத்துப் பெண்கள் வந்து வாங்கிப் போவார்கள். மீன்தலையும் சோறும் காய்த்தோலும் உங்கள் விளையில், உங்கள் மரத்தடியில் நீங்களே புதைத்துக்கொள்ள வேண்டும். சாலைக்கு விளையைக் கொடுத்துவிட்டு மூன்று சென்டில் வீடு கட்டியவர்கள் எங்கே புதைப்பார்கள்? கவரில் கட்டி, ஸ்கூட்டரில் போகிற போக்கில் வீசினார்கள்.

அந்தத் துண்டைச் சுத்தம் செய்து எல்லாரும் வந்து உட்காரும் இடமாக்கலாம் என்று முதலில் சொன்னது டீக்கடை மணியண்ணன். ஆனால் அதிகம் துடித்தது நான். கூட்டாய்மை என்று ஒரு குழு அமைத்தார்கள். செயலாளர் யார் என்பதில் கட்சிச் சண்டை வந்து, கடைசியில் எந்தக் கட்சியும் இல்லாத பாண்டிக்காரி போதும் என்று முடிவானது. தொழிலுறுதிப் பெண்கள் (நம் பக்கத்து நூறுநாள் வேலைதான்) காடு வெட்டினார்கள், சர்ச் இளைஞர்கள் கான்கிரீட் சுமந்தார்கள், என் கணவர் சுனில் எலக்ட்ரீஷியன் என்பதால் விளக்கு போட்டுத் தந்தார். சிமெண்ட் பெஞ்சு வந்தது. அதற்கு வர்ணம் அடிப்பதில் மறுபடியும் தகராறு. சிவப்பு ஒரு கட்சி, காவி ஒரு கட்சி, பச்சைக்கும் ஆள் இருக்கிறது, மஞ்சள் ஒரு சமுதாயத்துடையதாம். நீலம் அடிக்கலாமே என்று நான் சொன்னபோது எல்லாரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். பெஞ்சு இன்றுவரை சிமெண்ட் நிறத்தில்தான் இருக்கிறது.

எல்லாம் சரியாக வந்தும் மீன் நாற்றம் மட்டும் போகவில்லை. தென்னையடியில் தினமும் சாளைத்தலையும் குடலும் கிடக்கும், நாய்கள் இழுத்துப் பெஞ்சுவரை பரப்பி வைத்திருக்கும். 'குப்பை போடாதீர்கள்' என்று இரண்டு மொழியிலும் எழுதி வைத்தோம். பலனில்லை. ஒருநாள் லேபிலிருந்து பதினொரு மணிவாக்கில் திரும்பும்போது ஆளைப் பிடித்துவிட்டேன். சர்வீஸ் ரோட்டுக்கு அந்தப்புறம் மூன்று சென்ட் வீட்டில் தனியாக இருக்கும் ஸ்டெல்லா மாமி. பொழியூர் மீன்காரி வந்துபோன கையோடு, சட்டியும் மண்வெட்டியுமாகத் தென்னையடியில் குனிந்திருந்தாள்.

"மாமி, பொது எடத்துல இப்படிக் குப்பையப் போடலாமா?" என்றேன்.

அவள் நிமிரவில்லை. "குப்பையா? எனக்க தெங்குக்கு வளம் வைக்கியேன் மக்கா."

"பஞ்சாயத்து எடத்துல நிக்கிற மரம் எப்படி மாமி ஒங்க மரமாகும்?"

"பஞ்சாயத்து இப்பம் வந்ததாக்கும். தெங்கு நான் பெருங்கடவிளையிலயிருந்து கல்யாணம் கழிஞ்சு வந்த வருசம் வச்சது."

வம்புக்காரக் கிழவி என்றுதான் நினைத்தேன். ஏதோ பெரிய துப்புத் துலக்கிவிட்ட மாதிரி சாயங்காலமே கூட்டாய்மையில் போய்ச் சொன்னேன். வார்டு மெம்பர் உடனே முடிவு சொல்லிவிட்டார். "தெங்கு வெட்டணும். பிள்ளேரு களிக்கிற ஸ்தலம். தேங்கா தலையில விழுந்தா ஆரு சமாதானம் பறயும்?" அவர் சொன்னதில் தப்பில்லை. மரம் போனால் மீனும் போகும், தடியைப் பிளந்தால் இன்னும் இரண்டு பெஞ்சு ஆகும் என்று மணியண்ணனும் சேர்ந்துகொண்டார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து சுனிலிடம் சொன்னபோது அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அது மாமிக்க பழைய வீடு நின்ன இடமாக்கும். உனக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு எப்படித் தெரியும்? சாலைக்கென்று நான் கல்யாணமாகி வருமுன்பே அந்த வீட்டை எடுத்து இடித்துவிட்டார்களாம்; நான் வந்து பார்க்கும்போது அங்கே காடுதான் இருந்தது. கைவிடப்பட்ட இடம் என்று நான் நினைத்ததை அந்த அம்மாள் ஒருநாளும் கைவிடவில்லை. என் அப்பா வீட்டை விற்றபிறகு அங்கே மூன்று ஷட்டர் கடை வந்துவிட்டது. ஒவ்வொரு தடவை கோவில்பட்டி போகும்போதும் எதிர்ப்பக்கம் நின்று, ஒன்றும் வாங்காமல், பார்த்துவிட்டு வருகிறவள் நான்.

தலையாட்டிவிட்டு இனி எப்படி மாற்றிச் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே, மரம் வெட்டுகிறவர் வந்து மேலே கயிறு கட்டிவிட்டார். சுற்றிலும் நாங்கள் பத்துப் பதினைந்து பேர். மாமி ரோட்டைக் கடந்து வந்தாள். சத்தம் போடுவாள் என்று எல்லாரும் தயாராக நின்றோம். அவள் நிதானமாக ஒவ்வொரு இடமாகக் காட்டினாள்.

"இஞ்ச அடுப்பு. அஞ்ச அம்மி கிடந்தது. மெம்பரு நிக்கிய இடம் சாய்ப்பு எறக்கின அறை, எனக்க மாப்பிள வய்யாம கிடந்ததும் மரிச்சதும் அஞ்சதான். வீடு போனப்ப நான் ஒண்ணும் சொல்லல்ல. ரோடு எல்லாருக்கும் வேணும். இப்பம் நீங்க இருக்கியதுக்கு இடம் வேணும், அதும் வேணும். தெங்கு மட்டும் நிக்கட்டு."

மெம்பர் நின்ற இடத்திலிருந்து ஓரடி நகர்ந்துகொண்டார். செயலாளர் என்ற முறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "மரத்த வெட்ட வேண்டாம்" என்றேன். தேங்காய் விழுந்தால் என்று மெம்பர் மறுபடி ஆரம்பித்தார். விழுமுன் பறிப்போம், மாதாமாதம் ஆள் ஏற்றுவோம், பெஞ்சைத் தூரமாக நகர்த்துவோம் என்று படபடவென்று அடுக்கினேன். என் குரல் எனக்கே கோவில்பட்டிக் குழாயடிக் குரலாகக் கேட்டது. "எலே, கயித்த அவுரு," என்றார் மணியண்ணன் மேலே பார்த்து. மாமி அன்று முதல் ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்து, மேலே ஒரு கல்லை வைக்கிறாள். நாய்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டன.

இப்போது சாயங்காலமானால் ஆட்கள் வருகிறார்கள். சர்ச் முடிந்தும் வருகிறார்கள், அம்பலம் போய்விட்டும் வருகிறார்கள். மாமி பெஞ்சில் மட்டும் உட்காருவதில்லை. தன் வீட்டிலிருந்து பாலில்லாத கட்டஞ்சாயா போட்டுத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு நிற்பாள். "இரி மக்கா, எழும்பண்டாம்" என்பாள். அவள் பழைய அடுக்களையில் அவளை நிற்கவைத்துவிட்டு நான் எப்படி நிம்மதியாக உட்காருவது? எழுந்துவிடுகிறேன். தெருவுக்கு ஏங்கியவளுக்கு இடம் கிடைத்தும் அதில் அமர்ந்திருக்கத் தெரியவில்லை.

ஒன்றைக் கவனிக்க எனக்குப் பல நாள் ஆனது. நாங்கள் அந்த இடத்துக்குச் சரிவுப்பாதை போட்டிருக்கிறோம், மாமி வீட்டுக்கு நேர் எதிரே. அவள் அந்த வழியாக வருவதே இல்லை. ரோட்டோர ஓடையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், அங்கே ஒரு இடத்தில் தலையைத் தாழ்த்தி, பிறகு காலை எடுத்து வைக்கிறாள். அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் வெளி. சுனிலிடம் கேட்டேன். பழைய அடுக்களையின் பின்வாசல் அங்கே இருந்ததாம், நிலை மிகத் தாழ்வாம், இடிபடாத தலையே கிடையாதாம்.

போன வாரம் உட்கார்ந்திருந்தபோது சட்டென்று மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் சரிவுப்பாதை வழியாக ஓடினார்கள். மாமி ஒரு கையில் தட்டோடு மறு கையால் என் மணிக்கட்டைப் பிடித்து, "இதுவழி வா" என்று பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். அந்த இடம் வந்ததும் அவள் குனிந்தாள். பின்னால் போன நானும் குனிந்தேன். நிமிர்ந்தபோது முகத்தில் மழை அடித்தது. வீட்டுக்குள் வந்திருக்கிறேனா, வீட்டைவிட்டு வெளியே வந்திருக்கிறேனா என்று தெரியாமல் அங்கேயே நின்றேன்.