முறைப்பாட்டுப் பிரிவின் சேலை

வேலைக்குப் போகும் பெண் சேலை கட்ட வேண்டும். பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பிறகும் உத்தியோகத்தைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது இவ்வளவுதான். நான் பிறந்து வளர்ந்த கொழும்பு ஜிந்துப்பிட்டிச் சந்தில், படித்து வேலை பார்க்கும் பெண்கள் என்று நான் கண்டவர்கள் என் பள்ளிக்கூட டீச்சர்மார் மட்டுமே. அவர்கள் சேலை கட்டினார்கள். ஆகவே வெள்ளவத்தையில் ஒரு கம்பனி என்னை எடுத்துக்கொண்டதாக அறிவித்த அன்று, வேலை என்ன என்பதைவிட என்ன நிறச் சேலை என்பதைத்தான் நானும் அம்மாவும் அதிக நேரம் ஆலோசித்தோம்.

வேலை இதுதான். வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் அந்தக் கம்பனியின் தொலைபேசி முறைப்பாட்டுப் பிரிவில், தமிழில் பேசுபவர்களின் அழைப்புகளை எடுக்க வேண்டும். கொத்து ரொட்டி ஆறிப்போய் வந்தது, கறியைக் காணவில்லை, கேட்டது ஒன்று வந்தது ஒன்று என்று யாராவது கத்துவார்கள். "உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று நான் வருந்த வேண்டும். புவியியலில் சிறப்புப் பட்டம் பெற்றவள் வருந்துவதற்கும் பெறாதவள் வருந்துவதற்கும் ஏதாவது வித்தியாசம் இருக்கும் என்று மனதார நம்பினேன்.

முதல் நாள் மடிப்புக் கலையாமல் ஊசி குத்தி, கைப்பையைத் தோளில் மாட்டி, காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஒரு நகைக்கடைக்கு மேலே இருந்த அந்தக் கம்பனிக் கந்தோருக்குள் நுழைந்தேன். உள்ளே எல்லோரும் ஜீன்ஸும் டீ-ஷர்ட்டுமாக இருந்தார்கள். யாரோ அரசாங்க அதிகாரி சோதனைக்கு வந்துவிட்டார் என்று நினைத்து இரண்டு பேர் எழுந்தே நின்றுவிட்டார்கள். ஒரு கணம் எனக்கு அது பிடித்தும் இருந்தது.

மேற்பார்வையாளன் என்னைவிட இளையவன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் வீடு எடுத்த குடும்பத்துப் பையன். உயர்தரப் பரீட்சை எழுதிய கையோடு வேலையில் சேர்ந்து, நான் வரைபடங்களுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்த காலத்தில் இந்தப் பதவிக்கு வந்துவிட்டவன்.

"டீச்சர், வகுப்பு மாறி வந்திட்டியளோ?" என்றான்.

"இல்லை, நான் இன்றைக்கு வேலைக்கு…"

"ஓம் ஓம், தெரியும். பகிடிக்குச் சொன்னனான். இருங்கோ. கதிரைச் சில்லிலை சீலை மாட்டுப்படும், கவனம்."

அவன் சொல்லி முடிப்பதற்குள் மாட்டுப்பட்டது. இருவர் கதிரையைத் தலைகீழாகப் பிடிக்க, ஒருவர் சில்லைக் கழற்ற, நான் முந்தானையின் மறுமுனையில் கட்டிப்போட்டவள் போல நின்றேன். காதில் ஹெட்செட். என் முதல் வாடிக்கையாளர் மறுபக்கத்தில் கத்திக்கொண்டிருந்தார். அன்று முதல் அங்கே என் பெயர் டீச்சர்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நாளைக்கு ஜீன்ஸ்தான்."

அம்மா அரிசி மாவை வறுத்துக்கொண்டே கேட்டார். "போட்டுட்டுப் போ. நான் என்னா வேணாம்னா சொன்னேன்? காலைல அம்புட்டுப் பேரும் வாசல்ல நிப்பாங்க. நேத்து சீலைல போன புள்ள இன்னைக்குக் கால்சட்டைல போகுதே, ஒரே நாள்ல வேலை போயிருச்சான்னு கேப்பாங்க. நீயே பதில் சொல்லிக்க."

இந்த வாசலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா காலையில் வாசலில் அடுப்பு வைத்து இடியப்பம் அவித்து விற்கிறார். சந்தில் பாதிப் பேர் தட்டோடு வரிசையில் நிற்பார்கள். அந்த வரிசையைக் கடக்காமல் நான் வீட்டை விட்டு வெளியேற வழியில்லை. வரிசைக்கு நேர் மேலே, கூரைத் தகரத்துக்குக் கீழே, வாடகைக் கறுப்பு அங்கியில் நான் எடுத்த பட்டமளிப்புப் படம் தொங்குகிறது. அப்பா புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை. அந்தப் படத்தைச் சட்டம் போட்ட கடையிலிருந்து அவர்தான் தோளில் வைத்துத் தூக்கிவந்தார். வழியில் கேட்டவர்களுக்கெல்லாம் இறக்கி இறக்கிக் காட்டியதால் வந்துசேரப் பொழுதுபட்டுவிட்டது.

வரிசையின் முதல் ஆள் எப்போதும் எதிர்வீட்டு அத்தை. உறவு இல்லை, வாய்தான் உறவு. நான் பல்கலைக்கழகம் போனபோது, "பொம்பளப் புள்ள அம்புட்டுப் படிச்சு என்னா? கடைசில வீட்லதானே இருக்கப் போகுது" என்று சொன்னவர். பட்டம் முடிந்த பிறகு, அரசாங்கம் பட்டதாரிகளுக்குக் கொடுக்கும் நியமனத்துக்காக நான் வீட்டில் காத்துக் கிடந்தேன். அத்தை சொன்னது சரி என்று தினமும் நானே நிரூபித்துக்கொண்டிருந்தேன். "இன்னும் கூப்பிடலியா?" என்று தட்டை நீட்டும்போதெல்லாம் கேட்பார். அவர் மகன் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஆட்டோ ஓட்டுகிறான். வீட்டுக்கு மாடி எழும்பிவிட்டது.

என்னை முதன்முதல் சேலையில் பார்த்த அன்று அத்தையின் தட்டு அந்தரத்தில் நின்றது. "கவர்மெண்டா?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா இடியப்பச் சட்டியின் மூடியைத் தூக்கினார். ஆவி எழுந்தது. ஆவி அடங்கியபோது அத்தை தலையாட்டிக்கொண்டிருந்தார். அம்மா பொய் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சேலை சொன்னது, சந்து நம்பியது.

இப்படியாக நான் சேலைக்குள் மாட்டிக்கொண்டேன். தினமும் காலையில் வரிசை விலகி வழிவிடும். நான் நிமிர்ந்த தலையோடு அதைக் கடந்து, கோட்டைப் புகையிரத நிலையத்தில் நெரிசலில் ஏறி, வெள்ளவத்தையில் மடிப்பில்லாமல் இறங்குவேன். என் பட்டத்துக்கு அந்தச் சந்தில் இருந்த ஒரே சாட்சி அந்தச் சேலைதான். அது பொய்த்தால் மேலே தொங்கும் படத்தையும் இறக்கிவிட வேண்டியதுதான் என்று தோன்றியது.

ஒரு நாள் தேநீர் இடைவேளையில் என் பல்கலைக்கழகப் பீடத்தில் இப்போது படிக்கும் ஒரு தங்கை அழைத்தாள். வெளியேறிய மாணவர்களின் தொழில் நிலவரம் பற்றி ஆய்வு செய்கிறார்களாம்.

"அக்கா, இப்ப தொழில் செய்றீங்களா?"

"ஆமா."

"பதவி?"

"வாடிக்கையாளர் அனுபவ ஒருங்கிணைப்பாளர்." கம்பனி கொடுத்த பெயர் உண்மையிலேயே அதுதான். சொல்லும்போது எனக்கே மூச்சு வாங்கியது.

"வேலை உங்க பட்டத்தோட சம்பந்தப்பட்டதா அக்கா?"

என் இறுதி ஆண்டு ஆய்வு, நகர்ப்புற நிலப் பயன்பாடு பற்றியது. சற்று முன் நான் தீர்த்து வைத்தது, பொரித்த மீன் ஒன்றின் காணாமற்போன பாதி பற்றியது.

"கொஞ்சம்னு போட முடியாதா?"

"ஆம், இல்லை ரெண்டுதான் இருக்கு அக்கா."

"அப்ப பிறகு சொல்றேன்."

"சரி அக்கா." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, உங்க கம்பனில ஆள் எடுக்கிறாங்களா?"

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. என் வகுப்பில் ஒருத்தி கட்டாரில் ஹோட்டல் வரவேற்பில் நிற்கிறாள். ஒருவன் தெஹிவளையில் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்கிறான், புவியியல் அல்ல, கணிதம். இன்னொருத்தி செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் முதுமாணிப் பட்டம் படிக்கிறாள். மிச்சப் பேர் இன்னும் நியமனம் கேட்டுப் பதாகை பிடிக்கிறார்கள். நானும் ஒரு முறை போய்ப் பிடித்தேன். அதற்கும் சேலைதான் கட்டிப் போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தையின் பேரப்பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள். சந்து முழுக்க அழைப்பு. அம்மா போயிருந்தார். எனக்கு வேலை நாள். மத்தியானம் திரையில் ஒரு அழைப்பு மின்ன, கூடவே முகவரியும் வந்தது. எங்கள் சந்து. அத்தை வீட்டு இலக்கம்.

"டீச்சர், கோல் அடிக்குது," என்றான் மேற்பார்வையாளன்.

"நீங்க எடுங்களேன்."

"தமிழ் லைன்லை இப்ப நீங்கள் மட்டும்தான். மற்றவர் சாப்பிடப் போயிட்டார்."

வானொலிச் செய்தி வாசிப்பவரின் குரல் ஒன்றைத் தொண்டைக்குள் தேடி எடுத்தேன். "வணக்கம். மதிப்புக்குரிய வாடிக்கையாளரே…"

"வணக்கம் எல்லாம் அப்புறம் சொல்லு. பிரியாணி எங்க?"

"தங்கள் உணவு வழியில் உள்ளது."

"எந்த வழில? இங்க புள்ளைங்க பசில கத்துது. சம்பந்தி வீட்டு ஆளுக சும்மா உக்காந்திருக்காங்க. மானம் போகுது!" ஸ்பீக்கரில் போட்டிருந்தார். ஒரு வீடு நிறையச் சத்தம் கேட்டது.

திரையில் பார்த்தேன். சாப்பாடு கொண்டுவரும் பையன் முருகன் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான், நேர்த்தி வைத்தவன் போல. அவன்மேல் பிழையில்லை. கம்பனி வரைபடத்தில் எங்கள் பகுதி ஒரு சாம்பல் நிறத் திட்டு. உள்ளே ஒரு பாதையும் கிடையாது. இலக்கங்களோ ஒரே எண்ணுக்குப் பின்னால் சாய்கோடு போட்டுப் போட்டு, வீடு கட்டக் கட்ட நீண்டவை. அவனையும் இணைப்பில் சேர்த்தேன்.

"அக்கே, மட்ட பார ஹொயாகன்ன பே," என்றான். வழி தெரியவில்லையாம்.

வழியை வாடிக்கையாளர்தான் சொல்ல வேண்டும், நாங்கள் சொல்லக் கூடாது. அதுதான் விதி. அத்தைக்குத் தெரிந்த சிங்களம் "மெஹெ என்ன", இங்கே வா என்பது மட்டும். அதையே திரும்பத் திரும்பச் சத்தமாகச் சொன்னார். திரையில் அந்தப் பையனின் புள்ளி எங்களை விட்டு விலகித் தெமட்டகொடைப் பக்கம் நகரத் தொடங்கியது.

அதோடு விதியை மறந்தேன். "மல்லி, அஹன்ன," தம்பி, கேள், என்று ஆரம்பித்துச் சிங்களத்தில் வழியைக் கொட்டினேன். கோயில் பின்மதிலோடு வா, குழாயடி தாண்டு, துணி காயும் சந்துக்குள் போகாதே, அது முட்டுச்சந்து. நீலக் கதவைக் கண்டதும் வலப்பக்கம் திரும்பு…

"அந்தப் பக்கம் வேணாம்டி!" தொலைபேசிக்குள்ளிருந்து ஒரு குரல் பாய்ந்தது. "கழிவுத் தண்ணிக் கானைத் தோண்டிப் போட்டிருக்கான், சைக்கிளே போகாது. ஐஸ் கடைப் பக்கமாச் சுத்தி வரச் சொல்லு!"

"அங்க ஆட்டோவக் குறுக்க விட்டிருப்பாங்கம்மா."

"அதெல்லாம் எடுத்துட்டான்டி. நான் இப்பதானே அந்த வழியா வந்தேன்!"

நான் அதையும் மொழிபெயர்த்துப் பையனுக்குச் சொல்லி முடித்தேன். அதன் பிறகுதான், அந்த வீட்டில் எல்லாச் சத்தமும் நின்றிருந்தது எனக்கு உறைத்தது. பிறந்தநாள் பிள்ளைகூட அழவில்லை.

"ஏய்," என்றார் அத்தை மெதுவாக. "யாரு? நம்ம இடியப்பக்கா மகளா?"

"தங்கள் உணவு இன்னும் சற்று நேரத்தில்…" என்றது செய்தி வாசிப்பவரின் குரல். அதற்கு இன்னும் விஷயம் விளங்கவில்லை.

"புள்ள, நீ கவர்மெண்டுல இல்லையா?"

வாசலில் மோட்டார் சைக்கிளின் ஹாரன் கேட்டது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். இணைப்பு அறுந்தது. கொஞ்ச நேரத்தில் என் சேவைக்கான மதிப்பீடு திரைக்கு வந்தது. ஒரு நட்சத்திரம். குறிப்பு: பிரியாணி ஆறிப்போச்சு.

பக்கத்தில் நின்று முழுவதையும் கேட்ட மேற்பார்வையாளன் விதி மீறியதற்கு ஏசவில்லை. "டீச்சர், அம்மாவையும் வேலைக்கு எடுப்பமோ? மேப்பை விட வடிவா வழி சொல்றா."

திரும்பும் புகையிரதத்தில், வேறு எதையாவது நினைப்பதற்காக, அந்தத் தங்கையை அழைத்தேன். "அந்தக் கேள்விக்கு ஆம்னு போட்டுக்கங்க."

"எப்படிச் சம்பந்தம்னு ஒரு வரி எழுதணும் அக்கா."

"நகர்ப்புற நிலப் பயன்பாடு. களப்பணியோட."

"ஆள் எடுக்கிறாங்களா அக்கா?"

"எடுக்கிறாங்க. விண்ணப்பியுங்க. ஆனா சீலை கட்டிட்டு மட்டும் வராதீங்க."

வீட்டில் அம்மா பிறந்தநாள் கேக்கை ஒரு தட்டில் மூடிவைத்திருந்தார். முகத்தில் ஒரு செய்தியும் இல்லை.

"என்னா சொன்னாங்க?"

"பிரியாணி ஆறிப்போச்சுன்னாங்க."

"என்னப் பத்திம்மா."

"சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்கடி. வாயில சோறு இருக்கும்போது யாரு பேசுவா?" பிறகு கேக் தட்டை என் பக்கம் தள்ளி, "நான்தான் வாய விட்டுட்டேன். அந்த நேரத்துல வழிதான் கண்ணுல நின்னுச்சு" என்றார்.

மறுநாள் ஜீன்ஸ் போட்டேன். மானம்தான் போய்விட்டது, கால்களாவது சுதந்திரமாக இருக்கட்டும் என்பது என் கணக்கு. தனியார் துறையின் பெருமைகள் பற்றி ஒரு சிறு உரையும் மனதில் தயார். கதவைத் திறந்தேன். வரிசை முழுதும் திரும்பியது. முன்னால் அத்தை, கையில் தட்டு.

"என்னா புள்ள, இன்னைக்கு லீவா?"

"இல்ல அத்தை. வேலைக்குத்தான்."

"நேத்து ஃபோன்ல நீதானே?"

"நான்தான்."

"அங்க உக்காந்திருக்கிறவங்க சொன்னா, ஓட்டுறவங்க கேட்டுத்தான் ஆகணுமாம். எங்க வீட்டுத் தொரை சொல்றான். அவனும் இப்ப உங்க கம்பனிக்குத்தான் ஆட்டோ ஓடுறான்ல." மகனைத்தான் அப்படிச் சொன்னார். "நெசமா?"

"ஓரளவுக்கு…"

"அப்ப அவனும் நீ சொன்னாக் கேக்கணும்." அத்தை வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "நான் சொல்லித்தான் அவன் கேக்குறதே இல்ல."

நான் என் உரையைத் தொடங்க வாய் திறந்தேன். அதற்குள் பின்னால் நின்ற ஒருவர், தண்ணீர்க் கட்டணம் கூடுதலாக வந்ததை எந்த இலக்கத்தில் சொல்வது என்று கேட்டார். இன்னொருவருக்குச் சமையல் காஸ் சிலிண்டர் வரவில்லை. அது எங்கள் கம்பனி இல்லை என்றேன். "கேட்டுச் சொல்லு. ஃபோன் உங்கிட்டத்தானே இருக்கு" என்றார்கள்.

"அது கிடக்கட்டும்," என்று அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது என்னா கோலம்? போய்ச் சீலையக் கட்டு."

"ஃபோன்ல யாரும் பாக்க மாட்டாங்க அத்தை."

"நாங்க பாக்குறோம்ல? இனி எவனாச்சும் வழி தெரியலன்னு நின்னா, எங்க புள்ள ஒண்ணு அங்க சீலை கட்டி உக்காந்திருக்கு, அதுகிட்டக் கேளுன்னு சொல்லணும். கால்சட்டையோட இருக்குன்னா சொல்றது?"

உதவிக்கு அம்மாவைப் பார்த்தேன். அம்மா சட்டி மூடியைத் தூக்கினார். ஆவிக்குள் முகம் தெரியவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

உள்ளே போய், ஊசி ஒன்றும் அகப்படாமல், அவசரத்தில் கட்டிக்கொண்டு வந்தேன். வரிசை விலகி வழிவிட்டது. அதற்குள் என் புகையிரதம் போயிருந்தது.

கந்தோரில் மேற்பார்வையாளன் மணிக்கூட்டைக் காட்டினான். "டீச்சர், ஏன் பிந்தினது?"

முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்து, கதிரைச் சில்லைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தேன்.

"வாடிக்கையாளர் கோரிக்கை," என்றேன்.