மேல்மாடி பாக்கியம் அக்கா உடைத்த ஜன்னல்

ஆண்டவருக்கு நன்றி சொல்லித்தான் இந்தச் சாட்சியைத் தொடங்குகிறேன். ஆனால் மனம் கசந்துபோய்த்தான் எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாகக் கிடந்தபோது ஜெபித்தேன். ஆண்டவர் கேட்டார். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை. வேறொருத்தி கொடுத்தாள்.

என் பெயர் எஸ்தர். ஊர் இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மா கொழுந்து பறிக்கிறார். ஜோர்தானில் மருந்தியல் படிக்கப் புலமைப்பரிசில் கிடைத்தபோது சபையே எனக்கு மாலை போட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து ஒரு பிள்ளை வீட்டு வேலைக்கு இல்லாமல் படிப்புக்காக அரபு நாட்டுக்குப் போவது எங்களுக்குப் புதிது.

தலைநகர் அம்மானுக்கு நான் புதிதாகவே தெரியவில்லை. அங்கே பலர் வீட்டு வேலைக்காரியையே ‘சிரிலங்கியா’ என்கிறார்கள், அவள் எந்த நாட்டுக்காரியாக இருந்தாலும். ரொட்டி வாங்கப் போனால் கடைக்காரர், "உன் மேடம் எந்தத் தெரு?" என்பார். நான் புத்தகப் பையைத் தூக்கிக் காட்டுவேன். அவர் சிரிப்பார். மறுநாளும் அதையே கேட்பார். அவருடைய கடையில் சிலோன் தேயிலைப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பெட்டியின் மேல் ஒரு பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி கொழுந்து பறிப்பாள். என் அம்மா மலையில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

காலையில் பல்கலைக்கழக பஸ், பகல் முழுக்க அரபு வகுப்பு, மாலையில் பருப்பும் ரொட்டியும். வகுப்பில் பாதி புரியாது. புரியாததைக் கேட்கவும் வார்த்தை வராது. அடுக்குமாடி ஒன்றில், பாதி நிலத்துக்குக் கீழே புதைந்த ஓர் அறையில் தனியாக இருந்தேன். தமிழ் சபை என்று எதுவும் எனக்குத் தெரியாது. நாள் கணக்கில் வாயிலிருந்து தமிழே வராது. அதனால் விடியற்காலையில் குளியலறையில் நின்று சத்தமாகப் பாட்டுப் பாடி ஜெபிப்பேன். "ஆண்டவரே, தமிழ் பேச ஒரே ஒரு ஆளைத் தாரும்" என்பதுதான் ஜெபம். முதல் குளிர்காலம் தொடங்கியதிலிருந்து தினமும் கேட்டேன். பதில் இல்லை. ஊருக்கே திரும்பிவிடலாம் என்று பெட்டியை இறக்கி வைத்த நாளும் உண்டு.

எங்கள் சபையில் ஜெபக்குழு நடத்தும் சாந்தி அக்காவிடம் போனில் அழுதேன். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருக்கச் சொன்னார். வெள்ளி அங்கே விடுமுறை. நானும் இருந்தேன்.

தை மாதத்தில் ஒரு வெள்ளி விடியற்காலை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. குளியலறையில் நிற்க முடியாத குளிர். அறையில் காஸ் ஹீட்டர் ஒன்று இருந்தது. அதைக் கொளுத்தினேன். பிறகு அம்மா செய்வதைச் செய்தேன். லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் பனிக்காலத்தில் அம்மா தணலைச் சட்டியில் அள்ளி நடுவில் வைப்பார். சாக்கை மடித்துக் கதவடியில் திணிப்பார். ஜன்னல் இடுக்கில் பழைய துணியை அடைப்பார். நாங்கள் எல்லோரும் அதைச் சுற்றிப் படுப்போம். ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஏன் ஆகவில்லை என்று நான் யோசித்ததே இல்லை. தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. நாங்கள் எத்தனை தடவை கேட்டும் தோட்ட நிர்வாகம் அடைத்துத் தராத ஓட்டை. அந்த அநியாயம்தான் எங்களை இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருந்தது. அம்மானில் என் அறையில் ஓட்டை கிடையாது. துவாயைக் கதவடியில் திணித்தேன், ஜன்னலில் காகிதம் அடைத்தேன், முழங்காலிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் தலை வலித்தது. பிறகு வாந்தி வருகிற மாதிரி இருந்தது. பசி மயக்கம் என்று நினைத்தேன். சாந்தி அக்காவுக்கு போன் செய்தேன்.

"தல வலிக்கிதுன்னா அது சத்துரு குடுக்குற தடை, எஸ்தர். எந்திரிச்சிறாத. முழங்கால்லயே இரு" என்றார்.

இருந்தேன். மருந்தியல் படிக்க வந்தவள் நான்! விஷவாயு என்ற ஒரு வார்த்தை என் தலையில் தோன்றவில்லை. எழுந்திருக்க நினைத்தபோது கால் என்னுடையதாக இல்லை. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்" என்று மனதுக்குள் சொன்னேன். அம்மா முகம் வந்தது. அவ்வளவுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது முகத்தில் பனிக்காற்று அடித்தது. மெத்தையெல்லாம் கண்ணாடித் துண்டு. தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் என் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். கட்டடக் காவலாளி வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்குக் கத்திக்கொண்டிருந்தான்.

"தங்கச்சி, என்னயப் பாரு. கண்ண மூடாத" என்றார் அந்தப் பெண். தமிழ்! அதுவும் எங்கள் தமிழ். என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது கூடவே ஓடி வந்து கேட்டார்: "நான் வட்டவளைப் புள்ள. பேரு பாக்கியம். நீ எந்தத் தோட்டம்மா?"

மூக்கில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

நடந்ததைக் காவலாளி பிறகு சொன்னான். பாக்கியம் அக்கா எனக்கு நேர் மேல்மாடியில் வீட்டு வேலை செய்தவர். தினமும் காலையில் என் பாட்டு, குளியலறையிலிருந்து மேல்மாடிகளுக்குப் போகும் காற்றுவழியில் ஏறி அவருடைய சமையலறைக்குக் கேட்டிருக்கிறது. அன்று கேட்கவில்லை. காற்றுவழியில் குனிந்து கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. கேட்காமல் அவர் வாசலைத் தாண்டக் கூடாது, வீட்டார் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கதவைத் திறந்து ஓடி வந்து, முற்றத்துப் பூச்சட்டியால் என் ஜன்னலை உடைத்திருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இனிப்புப் பெட்டி ஒன்றோடு மேலே போனேன். கதவைத் திறந்த மேடம் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"ஏஜென்சி அனுப்பியதா? உன் பை எங்கே?"

கீழே இருக்கும் மாணவி என்றேன். அவருடைய முகம் இளகியது. "பிழைத்தாயே, இறைவனுக்கே புகழ்" என்றார், மனதாரத்தான். பிறகு, பாக்கியத்தை ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். "நல்லதுக்குத்தான் சாவியை எடுத்தாள், தெரியும். ஆனால் கேட்காமல் சாவி எடுக்கத் துணிந்தவளை வீட்டில் வைக்க முடியாது, மகளே." இனிப்பையும் வாங்கிக்கொண்டார்.

விடுமுறைக்கு ஊர் வந்ததும் வட்டவளைக்குத்தான் போனேன். வெளிநாடு போன பாக்கியம் என்று விசாரித்தேன். "பாதியில தொரத்திவிட்டாங்களே, அந்தப் பாக்கியமா?" என்று கேட்டுவிட்டு வழி காட்டினாள் ஒருத்தி. ஊர் அவருக்கு வைத்திருந்த பெயர் அது.

பாக்கியம் அக்கா மலையிலிருந்து இறங்கி வந்து கொழுந்துக் கூடையை வைத்தார். என்னைக் கட்டிக்கொண்டார்.

"ஒம் பாட்டு கேட்டாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி இருக்கும், புள்ள. யாரோடயும் பேச்சு வச்சுக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லிருச்சு. அதான் கொரல் குடுக்கல. நானும் மாரியாத்தாகிட்ட அதத்தான் கேட்டேன், தமிழ் காதுல விழணும்னு."

குளிர்காலம் முழுக்க நான் தனியாக இருக்கவில்லை. ஒரு தளத்துக்கு மேலே பதில் நின்றுகொண்டிருந்தது, வாயைத் திறக்க அனுமதி இல்லாமல்.

அவர் அரபு நாட்டுக்குப் போனதே மகள் கவிதாவைப் பள்ளியின் கடைசிப் படியான ஏ.எல். படிக்க வைக்கத்தான். அம்மா பாதியில் திரும்பியதும் கவிதா படிப்பை விட்டுவிட்டுக் கொழும்பில் புடவைக் கடை வேலைக்குப் போய்விட்டாள். விஷயம் இதுதான், சகோதரர்களே. நான் தொடர்ந்து படிக்கிறேன். அவள் நின்றுவிட்டாள்.

"ஒங்களுக்காக ஜெபம் பண்றேன்க்கா" என்றேன்.

"பண்ணு புள்ள. அப்புடியே ஒண்ணு சேத்துச் சொல்லிரு. அடுத்த வாட்டி சொந்தமா சாவி வச்சிருக்குற ஆளா பாத்து அனுப்பச் சொல்லு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ரோட்டுக்கு வந்ததும் அழுதேன்.

அந்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். அதற்கு முன் மூப்பர் என்னை ஓரமாக அழைத்தார். "அந்தப் பொம்பள வேற சாமி கும்புடுறவங்க. அத எதுக்கு இழுக்கணும்? தேவதூதன் வந்து ஜன்னல ஒடச்சதா சொல்லும்மா. கேக்குறவங்களுக்கும் விசுவாசம் வரும்" என்றார். நான் மேடை ஏறவில்லை. தேவதூதனுக்கு வேலை போகாது. தேவதூதனுக்கு ஏ.எல். படிக்கிற மகளும் கிடையாது. அதனால்தான் சொல்ல வேண்டியதை இந்தப் பத்திரிகையின் சாட்சிப் பக்கத்தில் எழுதுகிறேன்.

நான் இப்போது மூன்றாம் வருஷம். ஜன்னலில் ஒரு விரல் இடைவெளி எப்போதும் இருக்கும். தலை வலித்தால் முதலில் காற்றுக்கு வெளியே போவேன், பிறகு ஜெபிப்பேன். மேல்மாடியில் இப்போது எத்தியோப்பியப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள். காற்றுவழியில் அவளுக்கு நான்தான் முதலில் காலை வணக்கம் சொல்கிறேன். ஆண்டவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. சந்தேகம் இல்லை. கேட்டேன், அனுப்பினார். நீங்களும் நம்பிக் கேளுங்கள்.

கவிதாவிடம் ஞாயிறு தோறும் பேசுகிறேன். படிக்க ஆசைதான் என்கிறாள். பள்ளிக்கூடம் உள்ள பக்கத்து நகரம் ஹட்டனில் தங்கிப் படிக்க ஒரு வீடு கிடைத்தால் கடையை விட்டு வருவேன் என்கிறாள். இதை வாசிக்கிற உங்களில் சிலருக்கு ஹட்டனில் வீடு இருக்கிறது, எனக்குத் தெரியும். அவளுக்காக ஜெபிக்கிறோம் என்று தயவுசெய்து எனக்கு எழுத வேண்டாம். அதை நான் செய்துகொண்டிருக்கிறேன். ஒரு அறையைத் திறந்துவிடுங்கள்.